வளைந்த விரல் முதல் மரபணு வரை: வேலூர் கண்ட உடற்சீரமைப்பு வரலாறு

மனிதன் தன் உடலின் எல்லைகளைத் தாண்ட விரும்புவது இன்று நேற்றுத் தோன்றிய ஆசையன்று. மூப்பையும் பிணியையும் சாக்காட்டையும் வெல்ல வேண்டும் என்னும் வேட்கை கற்பம் தேடிய சித்தர் காலத்திலும் இருந்தது. அந்த வேட்கை இக்காலத்தில் அறிவியலின் துணையோடு ஒரு கொள்கையாகவே உருப்பெற்றிருக்கிறது. 1957-ஆம் ஆண்டு ஜூலியன் ஹக்ஸ்லி என்னும் ஆங்கில உயிரியல் அறிஞர் அதற்கு 'டிரான்ஸ்ஹியூமனிசம்' என்று பெயர் சூட்டி ஒரு கட்டுரை வரைந்தார். மனிதன் மனிதனாக இருந்துகொண்டே தன் இயல்பின் புதிய ஆற்றல்களை எட்டித் தன்னைக் கடந்து செல்லலாம் என்பது அவர் கருத்து. இன்று மூளைக்குள் நுண்கருவி பொருத்துவதையும் மரபணுவைத் திருத்துவதையும் ஆயுளை நீட்டுவதையும் பற்றிப் பேசுவோர் அப்பெயரையே கொடியாகப் பிடிக்கின்றனர்.

இவையெல்லாம் கடல் கடந்த நாடுகளின் செய்திகள் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரியன்று. உடலைக் கருவியாலும் கத்தியாலும் திருத்தி அமைக்கும் முயற்சியின் வரலாற்றில் சில முதன்மையான பக்கங்கள், நம் லாங் பஜாரிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் எழுதப்பட்டவை. கோட்டையையும் கடைவீதியையும் கடந்து மருத்துவமனைக்குச் செல்லும் வெளியூர் மக்களை நாள்தோறும் காணும் நமக்கு அவ்வரலாறு தெரிந்திருத்தல் நலம்.

மருந்தைப் பெயராக ஏற்ற அறம்

வடவார்க்காடு மண்ணுக்குச் சமணம் புதிதன்று. வள்ளிமலைக் குகைகளும், ஆற்காட்டுக்கு அருகில் உள்ள பஞ்சபாண்டவர் மலையும், போளூரை அடுத்த திருமலையும் அதற்குச் சான்றாய் நிற்கின்றன. அச்சமயம் வகுத்த நால்வகைத் தானங்களுள் உணவு, அடைக்கலம், கல்வி ஆகியவற்றோடு மருந்தும் ஒன்று. ஔஷத தானம் என்று அதனைச் சிறப்பித்துக் கூறினர்.

தமிழ்ச் சமணப் புலவர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். தாம் இயற்றிய நீதி நூல்களுக்கே மருந்தின் பெயரை வைத்தனர். கணிமேதாவியாரின் ஏலாதி, ஏலம் முதலாகிய ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்தின் பெயரைத் தாங்கியது. காரியாசானின் சிறுபஞ்சமூலம், கண்டங்கத்திரி முதலாகிய ஐந்து வேர்களின் பெயரால் அமைந்தது. உடற்பிணிக்கு மருந்து போல உயிர்ப்பிணிக்கு அறம் என்பது அவர்தம் கருத்து. மருத்துவத்தையும் அறத்தையும் ஒரே சொல்லால் குறித்த அந்த மரபு நமக்கு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. உடலைத் திருத்தும் எந்தப் புது அறிவு வந்தாலும், 'இது உயிருக்கு என்ன செய்கிறது?' என்று கேட்கும் அளவுகோல் அது.

வளைந்த விரல்கள் நிமிர்ந்த கதை

1900-ஆம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவப் பணி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக விரிந்து, பின்னர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது யாவரும் அறிந்ததே. அக்கல்லூரிக்கு 1946-இல் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். அவர் ஆங்கிலப் பெற்றோரின் மைந்தரெனினும் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ஆம் ஆண்டில். மலைவாழ் மக்களோடு வளர்ந்து தமிழறிந்தவர்.

செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைக் காண அவர் ஒருமுறை சென்றார். அங்கே ஒரு நோயாளியின் கை பறவையின் நகம்போல வளைந்து கிடந்தது. அந்தக் கைக்குள் தம் விரல்களை வைத்து, வலுவாக அழுத்தும்படி பிராண்ட் கேட்டுக்கொண்டார். செயலற்றதென்று எண்ணிய அக்கை, மருத்துவர் வலியால் துடிக்கும் அளவுக்கு இறுகப் பற்றியது. தொழுநோய் கையின் எல்லாத் தசைகளையும் அழித்துவிடவில்லை என்பதை அந்தப் பிடி அவருக்கு உணர்த்தியது.

நிகழ்ந்தது இதுதான். முழங்கையருகே தோலுக்கு அண்மையில் செல்லும் நரம்பை நோய் தாக்குகிறது. அதனால் உள்ளங்கையில் உள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல்களை நிமிர்த்திச் சீராக மடக்கும் திறன் போய்விடுகிறது. முன்கையின் பெருந்தசைகளோ நலமாகவே உள்ளன. ஆகவே நலமான தசையொன்றின் நாணை எடுத்து, வேறு வழியாகச் செலுத்தி, செயலிழந்த தசையின் வேலையை அதற்குத் தர முடியுமா என்று பிராண்ட் ஆராய்ந்தார். 1948-இல் வேலூரில் அவ்வறுவை தொடங்கியது. போலியோ நோயாளிகளுக்கும் விபத்தில் கை செயலிழந்தோர்க்கும் பிற நாடுகளில் கையாளப்பட்டு வந்த முறையைத் தொழுநோயாளியின் கைக்கு ஏற்ப அவரும் அவர்தம் குழுவினரும் மாற்றி அமைத்தனர்.

அறுவையோடு பணி முடிந்துவிடவில்லை. ஒரு வேலைக்குப் பழகிய தசைக்கு மூளை மற்றொரு வேலையைக் கற்பிக்க வேண்டும். ஒரு விரலை மடக்க எண்ணினால் மற்றொன்று அசையும். வாரக்கணக்கில் பயிற்சி செய்தபின்பே பழைய தசை புதுத் தொழிலைக் கற்றது. உடலைத் திருத்துவது மருத்துவரின் கத்தி மட்டும் செய்யும் செயலன்று, நோயாளியின் பொறுமையும் சேர்ந்து செய்வது என்பது இதனால் விளங்கும்.

இதற்குப் பின் நடந்தது சிந்திக்கத்தக்கது. கை நிமிர்ந்து வீடு திரும்பியவருள் சிலர் மீண்டும் மருத்துவரிடம் வந்தனர். வளைந்த கையோடு இருந்தபோது இரக்கப்பட்டுப் பிச்சையிட்டவர்கள், நிமிர்ந்த கையைக் கண்டு இடுவதில்லை. தொழுநோய் கண்டவர் என்பதால் வேலை தருவாரும் இல்லை. திருத்திய கை அவரைப் பட்டினியில் தள்ளியது! உடலை மட்டும் சீர்செய்து, அவ்வுடல் வாழவேண்டிய ஊரை அப்படியே விட்டுவிட்டால் பயன் இல்லை என்று பிராண்ட் கண்டார். 1951-இல் 'நவஜீவ நிலையம்' என்னும் இல்லம் அமைந்தது. அங்கே மரவேலையும் பொம்மை செய்தலும் கற்பிக்கப்பட்டன. தொழில் கற்றவர் உழைப்பாளியாக ஊர் திரும்பினார். 1955-இல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை எழுந்தபோது, அறுவை, பயிற்சி, ஆய்வு யாவும் ஓரிடத்தில் கூடின.

வலி என்னும் காவலன்

தொழுநோயாளியின் விரல் தானாகவே அழுகி உதிர்கிறது என்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. வேலூரில் பிராண்டும் அவர் குழுவினரும் ஒவ்வொரு புண்ணும் எவ்வாறு வந்தது என்று நாள்தோறும் குறித்துவைத்தனர். அடுப்பிலிருந்து வெறுங்கையால் பாத்திரத்தை இறக்கியதால் ஒரு புண். சாவி கடினமாக இருந்தபோது விரல் கிழியும்வரை திருகியதால் ஒரு புண். செருப்பில் தைத்த ஆணியோடு நாள் முழுதும் நடந்ததால் ஒரு புண். சிலருக்கு இரவு உறங்கி விழித்தபோது விரலின் ஒரு பகுதியையே காணவில்லை. ஆராய்ந்ததில் உறக்கத்தில் எலி கடித்தது தெரியவந்தது. உணர்வில்லாமையால் அவர்கள் விழிக்கவில்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு ஒரு பூனையையும் உடன் கொடுத்து அனுப்பினர். விரலை அழிப்பது நோயன்று, வலி இல்லாமையே என்னும் பேருண்மை இவ்வாறு நிறுவப்பட்டது.

1966-இல் அமெரிக்காவுக்குச் சென்ற பிராண்ட், அங்கே கார்வில் என்னும் ஊரின் மருத்துவமனையில் ஒரு துணிவான முயற்சியில் இறங்கினார். வலி உணர்வு இழந்தவர்க்குச் செயற்கை வலியைப் படைத்துத் தர முடியுமா என்பதே அம்முயற்சி. அழுத்தத்தை அளக்கும் நுண்கருவிகளைக் கையுறையிலும் காலுறையிலும் பொருத்தினர். அழுத்தம் அளவு கடந்தால் காதில் ஒலி எழும். நோயாளிகள் அவ்வொலியைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் உணர்வுள்ள இடத்தில் சிறு மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினர். அப்போது அவர்கள், செய்ய விரும்பிய வேலைக்கு முன் கருவியை நிறுத்திவைத்து, வேலை முடிந்தபின் மீண்டும் இயக்கிக்கொண்டனர். பல ஆண்டு உழைப்புக்குப்பின் அம்முயற்சி கைவிடப்பட்டது. நம் விருப்பத்தால் நிறுத்தி வைக்க முடியாதிருப்பதே வலியின் காவல் என்பதைப் பொறியியல் அறிஞர் குழு தன் தோல்வியால் அறிந்துகொண்டது.

மனிதனை மேம்படுத்துவோம் என்போருள் சிலர், துன்பமே இல்லாத உடலைப் படைப்போம் என்கின்றனர். வலியற்ற உடல் எத்தகையது என்பதை வேலூர் தன் கண்ணால் கண்டிருக்கிறது. அது வலிமையான உடலன்று, காவலற்ற உடல்.

செயற்கை வலி கைகூடவில்லை. ஆனால் எளிய பொருளொன்று கைகொடுத்தது. உணர்விழந்த பாதத்தின் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தம் விழுவதால்தான் புண் உண்டாகிறது. அவ்வழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்ப நுண்குமிழ்கள் நிறைந்த மென்மையான ரப்பர் ஏற்றதெனக் கண்டனர். இன்று நாம் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கடையில் கேட்டு வாங்குவது அதுவே. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகத்துக்குத் தோற்காலணி செய்தனுப்பும் இவ்வட்டாரத்தில், உணர்விழந்த பாதத்துக்கு உகந்த மெத்தென்ற ரப்பர் செருப்பும் ஆராய்ந்து உருவாக்கப்பட்டது என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

மேரி வர்கீஸ் அம்மையார் கொச்சியில் 1925-இல் பிறந்து, வேலூரில் மருத்துவம் பயின்றவர். 1954-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேர்ந்த சாலை விபத்தில் அவர்தம் முதுகுத்தண்டு சிதைந்து இடுப்புக்குக் கீழ் உணர்வும் இயக்கமும் போயின. அத்துடன் மருத்துவப் பணி முடிந்தது என்றே பலரும் கருதினர். பால் பிராண்ட் அவ்வாறு கருதவில்லை. தொழுநோயாளிகளின் கை அறுவையை அமர்ந்துகொண்டே செய்ய முடியும் என்று ஊக்கினார். அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை செய்தார். நடக்க இயலாத மருத்துவர், கை மடங்கிய நோயாளியின் விரலை நிமிர்த்திய காட்சியை வேலூர் கண்டது.

அவர் அதனோடு நில்லாமல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு முறிந்தவர் உள்ளிருந்து பயிற்சி பெறும் நிலையங்களுக்கு இந்தியாவில் அதுவே முன்னோடி. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986-இல் அவர் மறைந்தபின்னும் அந்நிலையம் அவர் பெயரோடு விளங்குகிறது. வகுப்பறையில் இவர் வரலாற்றைச் சொன்னபோதெல்லாம் மாணவர் அமைதியாகிவிடுவதைப் பன்முறை கண்டிருக்கிறேன். மேம்பட்ட மனிதர் என்பதற்கு இதைவிடத் தக்க எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஜெய்ப்பூர்க் கால்

வடக்கே ராஜஸ்தானத்தில் நடந்த ஒன்றையும் இங்கே இணைத்துக் காணவேண்டும். மேலைநாட்டுச் செயற்கைக்கால் காலணிக்குள் மறைவதற்கென்றே செய்யப்பட்டது. தரையில் சம்மணமிட்டு அமர்வதற்கும், குந்துவதற்கும், வெறுங்காலோடு வயல் சேற்றில் நடப்பதற்கும் அது உதவாது. 1968-ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி.கே. சேத்தி என்னும் எலும்பு மருத்துவரும் சேர்ந்து ரப்பரும் மரமும் கொண்டு, பாதம் போன்றே தோற்றமும் வளைவும் உள்ள செயற்கைப் பாதத்தை உருவாக்கினர். மிகுந்த பள்ளிப்படிப்பு இல்லாத கைவினைஞரின் விரல்நுட்பமும் மருத்துவரின் உடலறிவும் இணைந்து பிறந்தது அது. சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது.

அக்கால் ஏழை மக்களைச் சென்றடைந்தது மற்றொருவரின் முயற்சியால். பகவான் மகாவீரரின் 2500-ஆம் நிர்வாண ஆண்டு கொண்டாடப்பட்டதையொட்டி, 1975-இல் டி.ஆர். மேத்தா என்னும் ஆட்சிப்பணி அலுவலர் 'பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி' என்னும் அமைப்பை நிறுவினார். வருவோர் எவராயினும் சாதி, சமயம், நாடு பாராது, கட்டணமின்றிக் கால் பொருத்தி அனுப்புவது அதன் நெறி. இந்தியாவிலும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலும் இலட்சக்கணக்கானோர் அதனால் பயன் பெற்றுள்ளனர். ஒரு விழாவைக் கொண்டாடுவதற்கு இதனினும் சிறந்த வழியை எண்ணுவது அரிது. ஔஷத தானம் என்னும் பழஞ்சொல் நம் காலத்தில் அலுமினியமும் ரப்பருமாக உருவெடுத்த நிகழ்ச்சி அது.

உறுப்பும் மரபணுவும்

1971-ஆம் ஆண்டு வேலூரில் ஒருவரின் சிறுநீரகம் மற்றொருவருக்கு வெற்றியுடன் பொருத்தப்பட்டது. இந்திய மருத்துவ வரலாற்றில் அது ஒரு திருப்பம். ஆனால் அவ்வறிவு பரவியபோது அதன் நிழலும் கூடவே பரவியது. 1980-களில் சென்னை வில்லிவாக்கத்தில் வறியவர் கடனுக்காகச் சிறுநீரகம் விற்கும் அவலம் நேர்ந்து, அந்த இடத்துக்கே இழிவான பட்டப்பெயர் வந்தது. ஒருவர் உடல் சீராக வேண்டி மற்றொருவர் உடல் விலைப்பொருளாயிற்று. 1994-இல் மைய அரசு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றி உறுப்பு வணிகத்தைக் குற்றமாக்கியது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைக் குடும்பத்தார் கொடையாகத் தருவதற்கும் அச்சட்டமே வழிவகுத்தது. விற்பனையாக இருந்ததைத் தானமாக மாற்றியது அறத்தின் வேலை. அறிவியலால் மட்டும் அது ஆகியிராது.

அண்மைக் காலத்தில் மரபணு வரையில் மருத்துவம் சென்றுள்ளது. ஹீமோஃபிலியா என்பது குருதி உறையாத பிறவி நோய். அதற்குரிய உறைபொருளை ஆயுள் முழுதும் ஊசி வழியே செலுத்த வேண்டியிருந்தது. நோயாளியின் எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களை எடுத்து, குறையான மரபணுவுக்கு ஈடான நல்ல மரபணுவை அவற்றுள் சேர்த்து, மீண்டும் அவருக்கே செலுத்தும் முறையை வேலூர் மருத்துவர்கள் 5 பேரிடம் ஆராய்ந்து, 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டனர். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் குருதிக்கசிவு நின்றிருந்தது. பிறந்தபோதே எழுதப்பட்ட ஒரு பிழை, வளர்ந்தபின் திருத்தப்பட்டது என்று இதனைச் சொல்லலாம்.

எல்லை எது?

நோயாளியின் மரபணுவைத் திருத்தலாம் என்றால், நலமாக இருக்கும் குழந்தையின் மரபணுவை ஏன் மேம்படுத்தக்கூடாது என்னும் வினா உடனே எழுகிறது. 2018-இல் சீனாவில் ஓர் அறிவியலாளர் கருநிலையிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண்குழந்தைகள் பிறக்கச் செய்தார். உலகமே அதனைக் கண்டித்தது. 2019-இல் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஹீமோஃபிலியா சிகிச்சையில் திருத்தம் அந்நோயாளியோடு முடிகிறது. கருவில் செய்யும் திருத்தமோ வழிவழியாகத் தொடர்கிறது. அதற்கு இசைவு தரப் பிறவாதவர் எவரும் இல்லை. ஹக்ஸ்லியே மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்த வேண்டும் என்னும் இயக்கத்தில் ஈடுபட்டிருந்தவர் என்பதையும் மறத்தல் ஆகாது. எவர் மேலோர், எவர் கீழோர் என்று வகுக்கத் தொடங்கும் இடத்தில் மருத்துவம் முடிந்து வேறொன்று தொடங்கிவிடுகிறது.

மேலே கண்ட வரலாறு நமக்கு மூன்று வினாக்களைக் கற்றுத்தருகிறது. ஒன்று: இம்மேம்பாடு மனிதரை வாழ்க்கையோடு மீண்டும் இணைக்கிறதா? நிமிர்ந்த கைக்குத் தொழில் கிடைத்தபோதுதான் அறுவை முழுமை பெற்றது. இரண்டு: இதன் விலையை மற்றோர் உயிர் கொடுக்கிறதா? வில்லிவாக்கத்து வறியவரை மட்டுமன்றி, ஆய்வுக்கூடத்தில் வதைபடும் விலங்குகளையும் இவ்வினா நினைக்கச் செய்யும். 2023-இல் இந்திய மருந்து விதிகள் திருத்தப்பட்டு, விலங்குகளுக்கு மாற்றான ஆய்வு முறைகளுக்கு இடம் தரப்பட்டிருப்பது அகிம்சையைப் போற்றுவோர்க்கு ஆறுதல். மூன்று: இது வறியவரின் வாசல்வரை வருமா? ஜெய்ப்பூர்க் கால் வந்தது. ஆகவே அது வென்றது. செல்வர் மட்டும் ஆயுளும் அறிவும் வாங்கக்கூடிய காலம் வருமாயின், மனிதருள் இரு சாதிகளைப் புதிதாகப் படைத்தவராவோம்.

உயிரின் உள்ளேயே எல்லையற்ற அறிவும் காட்சியும் ஆற்றலும் இன்பமும் உள்ளன. வினைத்திரை அவற்றை மறைத்திருக்கிறது என்பது அருகநெறி. அந்நெறியில் மேம்பாடு என்பது வெளியிலிருந்து சேர்ப்பதன்று, மறைப்பை விலக்குவது. மேலும் மேலும் சேர்க்க விழையும் மனத்துக்கு அபரிக்கிரகம் என்னும் மிகைவேண்டாமை ஒரு கடிவாளம். அக்கடிவாளம் மருத்துவத்தைத் தடுப்பதன்று, பேராசையைத் தடுப்பது.

நம் வீதிக்குரிய பாடம்

இவ்வரலாற்றின் பயன் நூலோடு நின்றுவிடலாகாது. தொழுநோய் மருந்தால் குணமாகும் நோயாகிவிட்டது. ஆயினும் உணர்விழந்த பாதம் நம்மைவிட்டு நீங்கவில்லை. நீரிழிவு அதனைக் கொண்டுவந்திருக்கிறது. காலை முதல் இரவு வரை கல்லாவில் அமர்ந்திருக்கும் நம் வணிகப் பெருமக்களுள் எத்தனை பேர் இந்நோயோடு வாழ்கின்றனர் என்பது அவரவர் இல்லத்தார்க்குத் தெரியும். பாதம் மரத்துப்போனபின், கோயில் வெளிச்சுற்றின் சுடுதரையில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் எழுவதும் தெரிவதில்லை. சிறு கொப்புளம் புண்ணாகி, புண் எலும்பைத் தொட்டு, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் பலர் ஆளாகின்றனர்.

வேலூர் அறிஞர்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்த காப்பு மிக எளிது. நாள்தோறும் இரவு உறங்குமுன் இரு பாதங்களையும் விளக்கொளியில் பார்க்கவேண்டும். தம்மால் குனிய இயலாதவர் ஒரு கண்ணாடியையோ வீட்டாரையோ துணைக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு அணியவேண்டும். கோயிலுக்குச் செல்வோர் வெயில் ஏறுமுன் சென்று திரும்புதல் நன்று. அறக்கட்டளைகள் விழாக்காலத்தில் நடத்தும் மருத்துவ முகாம்களில் குருதிச் சர்க்கரையை மட்டும் பாராமல், மெல்லிய நைலான் இழையால் பாத உணர்வையும் ஆராயச் செய்து, உணர்வு குன்றியோர்க்கு அச்செருப்பை வழங்கினால், அதுவும் ஔஷத தானமே ஆகும். செலவு சிறிது, காக்கப்படுவது ஒரு குடும்பத்தைத் தாங்கும் கால்.

சாவையே வெல்லப் புறப்பட்டிருக்கும் அறிவியலை வாழ்த்துவோம். அதேவேளையில் அருகிருப்பவரின் பாதத்தைக் குனிந்து பார்க்கும் பணிவையும் போற்றுவோம். மனிதன் தன்னைக் கடப்பது என்பது தன் உயிர்போல் பிற உயிரையும் எண்ணும் அந்நிலையிலேயே தொடங்குகிறது. இவ்விழாநாளில் எவ்வுயிரும் பிணியின்றி வாழ்க!